முதுசமும் கடனும்

2024 செப்ரெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து இரவு வேலை தொடங்குவதற்கு இடையில் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் கிடைக்கும். வழக்கமாக ஒருவர் நித்திரை கொள்வார், ஒருவர் ஊருக்குக் கதைப்பார். அன்று பாரிஸில் நாங்கள் வேலை செய்யும் ரெஸ்ரோறன்ரின் குசினியில் நால்வரும் உருளைக்கிழங்குப் பெட்டிகளின் மேல் குந்தியிருந்தோம். நடுவில் ஒரு கைத்தொலைபேசி. அதில் இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முடிவுகள். மகிந்த ராஜபக்சவின் மகன் நாமலுக்கு 2.57 வீதம். எங்களில் ஒருவர் கைதட்டிச் சிரித்தார். 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறி, மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்தவர் அவர். அவருக்குச் சிரிக்க உரிமை உண்டென்றே நினைத்தோம்.

எங்களில் மூத்தவரான அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

"தேப்பன் செய்ததுக்கு மகனை என்னத்துக்கு இழுக்கிறியள்? தேப்பன் பெரிய ஆளெண்டாப் பிள்ளை தேர்தலில நிக்கக்கூடாதோ?"

"நிக்கட்டும் அண்ணை. ஆனா ஆற்றை பேரில நிக்கிறான்?"

"பிள்ளையள் தேப்பன்ரை பேரைக் காசு குடுத்தே வாங்கினவை?"

அதற்கு எங்களிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. இரவு வேலை தொடங்கிவிட்டது. கோப்பைகளைக் கழுவிக்கொண்டே யோசித்தோம். பின்னரும் பல நாட்கள் யோசித்தோம். இந்தக் கட்டுரை அந்த யோசனையின் மிச்சம்தான்.

அந்தத் தேர்தலில் முதல் நான்கு இடங்களுக்கு வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். இரண்டாவதாக வந்த சஜித், 1993 மே 1இல் கொல்லப்பட்ட ஜனாதிபதி பிரேமதாசாவின் மகன். மூன்றாவதாக வந்த ரணில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவுக்கு மருமகன் முறையானவர். நான்காவது நாமல். வென்ற அநுர குமார திசாநாயக்க ஒருவரே தகப்பனின் பெயரை நாடு அறியாதவர். 1952இல் டி.எஸ். சேனநாயக்கா குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். மகன் டட்லி பிரதமரானார். அடுத்த ஆண்டு அந்தக் கதிரை உறவினரான சேர் ஜோன் கொத்தலாவலைக்குப் போயிற்று. ஐக்கிய தேசியக் கட்சியை மாமன் மருமகன் கட்சி என்று அக்காலத்திலேயே பகிடி பண்ணினார்கள். 1994இல் சந்திரிகா ஜனாதிபதியானார், தாய் சிறிமாவோ பிரதமரானார், தம்பி அநுரா எதிர்க்கட்சியில் இருந்தார். ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுப் பாராளுமன்றமாகிவிட்டது. 2021இலோ ஜனாதிபதி உட்பட ராஜபக்ச குடும்பத்தவர் ஐந்து பேர் ஒரே அமைச்சரவையில் இருந்தனர்.

இவற்றைப் பார்க்கும் எவருக்கும் தோன்றக்கூடிய முதல் எண்ணம், இந்தப் பிள்ளைகளைத் தடுக்க வேண்டும் என்பதுதான். ஆனால் தமிழராகிய நாங்கள் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பிறப்பைக் காட்டி ஒருவரை வாசலில் மறிப்பது எங்களுக்குச் செய்யப்பட்டது. எழுபதுகளில் தரப்படுத்தல் வந்தபோது, பரீட்சை எழுதிய பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறப்பதா மூடுவதா என்பதை அதன் பிறப்பும் சேர்ந்தே தீர்மானித்தது. நாங்களும் பிறருக்கு அதையே செய்தோம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மறித்தவர்கள் சிங்களவர்கள் அல்லர். ஆகவே இன்னாருக்குப் பிறந்தவன் இதற்குத் தகுதியற்றவன் என்ற வசனம் எங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. அது ஜனாதிபதியின் மகனைப் பற்றியதாக இருந்தாலும்தான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த எமக்கு, அந்த விரிவுரைகளில் இன்றும் மறவாமல் இருப்பது பிளேட்டோவின் உலோகக் கதை. ஆள்பவரின் பிறப்பில் பொன் கலந்திருக்கிறது, உழைப்பவரின் பிறப்பில் இரும்பும் வெண்கலமும் என்று மக்களை நம்பவைக்க வேண்டும் என்கிறார் அவர். கேட்கவே எரிச்சல் வரும். ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: பொன்னுக்கு இரும்பு பிறந்தால், இரக்கம் காட்டாமல் அந்தப் பிள்ளையை உழவரோடும் தொழிலாளரோடும் சேர்த்துவிடு, இரும்புக்குப் பொன் பிறந்தால் மேலே ஏற்று. எங்கள் நாடுகள் முதற்பாதியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டன.

அப்படியானால் அண்ணை சொன்னது சரிதானா? இங்கே எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்கு முன் எங்களில் இருவர் வேறொரு ரெஸ்ரோறன்ரில் வேலை செய்தோம். முதலாளி எங்களுக்கு மூன்று மாத மேலதிக வேலைக் காசு தர வேண்டியிருந்தது. பிறகு, பிறகு என்று இழுத்தார். அவருக்கு வருத்தம் வந்தது. மகன் கடையைப் பொறுப்பெடுத்தான். போய்க் கேட்டோம். "அது நீங்கள் என் தகப்பனோடு பேசியது, என்னோடு அல்ல" என்றான். நல்ல மரியாதையாகத்தான் சொன்னான். வெளியே பெயர்ப்பலகையில் தகப்பனின் பெயர் அப்படியே இருந்தது. தகப்பனின் காலத்து வாடிக்கையாளர்கள் அந்தப் பெயருக்காகவே வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. தாய் தகப்பன் வழியாக வரும் சொத்தை முதுசம் என்கிறோம். முதுசக் காணியை எடுத்தவன் தகப்பன் பட்ட கடனையும் பொறுக்க வேண்டும். காணி எனக்கு, கடன் செத்தவனுக்கு என்றால் ஊர் சிரிக்கும். காணி வேண்டாம் என்று விலகிப் போனவனை ஒருவரும் கேட்கமாட்டார்கள். பெரிய தலைவர்களின் பிள்ளைகளைப் பற்றி எங்களுக்குத் தோன்றுவதும் இவ்வளவே. பிறப்பால் ஒரு பிள்ளைக்குத் தகுதியும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் தகப்பனின் படத்தை மேடையில் வைத்து, அவருடைய தோளில் கிடந்த சால்வையைத் தன் தோளில் போட்டு வாக்குக் கேட்கும் நிமிடத்தில், அந்தப் பிள்ளை முதுசத்தைக் கையெழுத்து வைத்து எடுக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து கடன்காரர்கள் வாசலுக்கு வரலாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு தெருவில் இருக்கும் தாயும் அந்தக் கடன்காரர்களில் ஒருத்தி.

இதை நாங்கள் முழுதாக உணர்ந்தது சந்திரிகாவை நினைத்தபோதுதான். நாங்கள் கோப்பை கழுவும் இதே பாரிஸில் அறுபதுகளின் இறுதியில் அரசறிவியல் படித்தவர் அவர். தகப்பன் சுடப்பட்டு இறந்தபோது பதினான்கு வயது. 1988இல் கணவர் விஜய குமாரதுங்கவையும் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். 1994இல் சமாதானம் என்று சொல்லி வந்தபோது 62 வீதத்துக்கு மேல் வாக்குகள். எங்கள் பெற்றோரும் நம்பினார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்தவரும், 1957இல் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைப் பிக்குகள் வீட்டு வாசலில் வந்து குந்தியதும் 1958இல் கிழித்துப் போட்டவரும் இவருடைய தகப்பன்தான் என்பதை அவர்கள் மறக்கவில்லை. தகப்பனின் கடனை மகள் அடைப்பாள் என்பதே அவர்களின் நம்பிக்கை. 1995 ஓகஸ்டில் அவர் அதிகாரப் பகிர்வு யோசனைகளை முன்வைத்தபோது முதல் தவணை வந்துவிட்டதென்று நினைத்தவர்களும் உண்டு. அதே ஆண்டு ஒக்ரோபர் முடிவில் இராணுவம் முன்னேற, வலிகாமம் ஒரே இரவில் மழைக்குள் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. எங்களில் சிலர் அன்று சைக்கிள் பாரில் இருந்த குழந்தைகள். இடம்பெயரச் சொன்னவர்கள் புலிகள் என்பதையும் இங்கே மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த யுத்தம் அந்த மகளின் அரசாங்கத்தின் யுத்தம்.

கொல்லப்பட்ட தலைவரின் பிள்ளை என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. செத்தவரைப் பற்றிக் கூடாமல் கதைக்கக்கூடாது என்பது எங்கள் பண்பாடு. செத்த வீட்டில் யாரும் கடன் கேட்பதில்லை. எட்டுச் செலவு, அந்தியேட்டி முடியட்டும் என்று பொறுப்போம். அரசியலில் அந்த அந்தியேட்டி முடிவதேயில்லை. தகப்பனின் இரத்தம் பிள்ளையைச் சுற்றி ஒரு வேலியாகிவிடுகிறது. கேள்வி கேட்பவன் ஈவிரக்கமற்றவன் ஆகிறான். 2019இல் கோத்தபாயவுக்கு எதிராக யாழ்ப்பாணத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிரேமதாசாவின் மகனுக்கு வாக்களித்தோம். 1990இல் மீண்டும் மூண்ட யுத்தத்தின்போது அவருடைய தகப்பன் ஜனாதிபதி என்பதை யாரும் அன்று எடுக்கவில்லை. தேவை வந்தால் எங்களுக்கும் ஞாபகம் குறைகிறது.

எங்கள் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1944இல் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கியவர். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அரசாங்கத்தில் 1948இல் அமைச்சரானார். அடுத்த ஆண்டு கட்சி உடைந்து செல்வநாயகம் வெளியேறினார். மகன் குமார் 1982இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். கூட்டணி ஒதுங்கியிருந்த அந்தத் தேர்தலில் 1 இலட்சத்து 73 ஆயிரத்துக்கு மேல் வாக்குகள் பெற்று யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலாவதாக வந்தார். தகப்பனின் பெயர் இல்லாவிட்டால் அது நடந்திருக்குமா? நடந்திராது. ஆனால் பின்னாளில் சிறையிலிருந்த தமிழ்ப் பெடியன்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடியதும், கொழும்பிலேயே இருந்துகொண்டு அரசாங்கத்துக்கு எதிராகப் பேசியதும் தகப்பன் கொடுத்த முதுசம் அல்ல. 2000 ஜனவரி 5இல் வெள்ளவத்தையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய அரசியலை நாங்கள் ஏற்காமல் விடலாம். எடுத்த பெயருக்கு அவர் கொடுத்த விலையை மறுக்க முடியாது. அடுத்த ஆண்டே மகன் கஜேந்திரகுமார் பாராளுமன்றம் போனார். மலையகத்தில் ஆறுமுகன் தொண்டமான் 2020 மே மாதம் இறந்தார்; ஓகஸ்டில் மகன் ஜீவன் பாராளுமன்ற உறுப்பினர். தொண்டமான்களின் அந்த வரிசையில் லயன் அறையில் பிறந்த ஒருவருக்கு எப்போது இடம் வரும் என்று கேட்பதுகூட அநாகரிகமாகப் பார்க்கப்படுகிறது. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் வேறு வழியில் போனார். 1984இல் தமிழ்நாட்டில் அகதிகளுக்கான அமைப்பொன்றைத் தொடங்கினார். முகாம்களில் இருந்த எங்கள் உறவினர் பலருக்கு அந்தப் பெயர் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

இங்கே பிரான்சிலும் ஒரு மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2002இல் தகப்பன் லு பென் இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது எங்களுக்கு முன் வந்தவர்கள் பெட்டி கட்டத் தயாரானார்களாம். மகள் மரீன் 2011இல் கட்சியைப் பொறுப்பெடுத்தார்; நாஜிகளின் நச்சுவாயு அறைகளைப் பற்றித் தகப்பன் மீண்டும் பேசியதும் 2015இல் அவரையே கட்சியிலிருந்து நீக்கினார்; 2018இல் கட்சியின் பெயரையும் மாற்றினார். தன் பெயரை மாற்றவில்லை. 2022இல் 41 வீதத்துக்கு மேல். தகப்பனை வீட்டைவிட்டுத் துரத்துவது கடனை அடைப்பதாகாது. அகதி அட்டையைப் புதுப்பிக்க விடிய முன்னமே வரிசையில் நிற்கும் எங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இடையில் ஒன்று. தகப்பன் பெயர் இல்லாதவர் வந்துவிட்டார் என்று 2024இல் மகிழ்ந்தவர்களோடு நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஆனால் கட்சிக்கும் முதுசம் உண்டு. வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டு 2006இல் வென்றது அநுரவின் ஜே.வி.பி.தான். அந்தக் கணக்கும் திறந்தே கிடக்கிறது.

இவ்வளவையும் ஒரு இரவு அண்ணையிடம் சொன்னோம். முதுசம், கடன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நாங்கள் பல வருடம் பழகியும் அறியாத ஒன்றைச் சொன்னார். அவருடைய தகப்பன் சங்கக்கடை மனேச்சர். எண்பதுகளின் இறுதியில் ஓர் இயக்கம் அவரை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டது. கழுத்தில் தொங்கவிட்ட மட்டையில் துரோகி என்று எழுதியிருந்தது. அண்ணைக்கு அப்போது எட்டு வயது.

"பள்ளிக்கூடத்தில எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கமாட்டினம். வாத்திமாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. நான் என்ன வோட்டே கேட்டனான்?"

அவர் ஏன் அன்று சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. தகப்பனின் பெயரைக் கேட்டு வாங்கியவனும் அந்தப் பெயரால் அடிபட்டவனும் ஒருவரல்லர் என்றோம். எட்டு வயதுப் பிள்ளையின் கழுத்தில் அந்த மட்டையை மாட்டியது ஊர், நாங்கள், எங்கள் மௌனம். கடன் அவருடையதல்ல, சொல்லப்போனால் ஊர்தான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அவர் தலையாட்டினார். ஆனால் முழுதாகச் சமாதானமானார் என்று சொல்லமாட்டோம். "உந்த வித்தியாசம் குசினிக்க இருந்து கதைக்கேக்க விளங்குது. சனம் கூடிக் கத்தேக்க ஆருக்கு விளங்கும்?" என்றார். அதில் உண்மை இருக்கிறது. மகனிடம் கணக்குக் கேட்பதாகத் தொடங்கி மகனின் இரத்தத்தைக் கேட்பதில் முடிந்த கூட்டங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். கணக்கு வேறு, பழி வேறு. கேட்பவன் அந்தக் கோட்டைத் தாண்டினால், எதிரே நிற்பவன் மறுபடியும் வெறும் பிள்ளையாகிவிடுகிறான்.

ஒக்ரோபரில் அண்ணையின் மகளுடைய பாடசாலையில் வகுப்புப் பிரதிநிதித் தேர்தல் வந்தது. பதினொரு வயது. தானும் நிற்கப்போவதாகச் சொன்னாளாம். துண்டுப் பிரசுரம் எழுதிக்கொண்டிருந்தவள் இடையில் நிமிர்ந்து, "அப்பா, எங்கட வீட்டில ஆரும் முந்தி எலெக்சனில நிண்டவையோ? அப்பப்பா என்ன செய்தவர்?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"சங்கக்கடையில மனேச்சரா இருந்தவர் எண்டு சொன்னன்."

"மிச்சம்?"

"சொல்லத்தான் வேணும். இன்னும் சொல்லேல்லை" என்றார் அண்ணை. மேலே முதல் ஓடர் வந்து மணி அடித்தது. நாங்கள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எழும்பினோம். அவள் பதினேழு வாக்குகள் எடுத்து வென்றதாக அடுத்த கிழமை சொன்னார்.