கவாத்தும் பெரட்டும்

அண்மையில் ஓர் ஆங்கிலச் சினிமாப் படம் பார்த்தேன். 2000ஆம் ஆண்டில் ஜோயல் ஷூமாக்கர் என்பவர் எடுத்த 'டைகர்லாண்ட்' என்பது அதன் பெயர். யுத்தப் படம் என்பார்கள். யுத்தம் அதில் இல்லை. 1971இல், அமெரிக்காவின் லூசியானா மாகாணத்துப் பாசறை ஒன்றில், வியட்நாமுக்கு அனுப்பப்படவிருக்கும் இளைஞர் பெறும் பயிற்சியே கதை. சுமார் ஒரு கோடி டாலர் செலவு. ஹாலிவுட்டாருக்கு அது சில்லறைப் பணம். சேறும் வசவுமே காட்சிகள்.

அதன் நாயகன் கட்டளைக்குப் படியாதவன். பட்டாளச் சட்டத்தின் சந்து பொந்துகளை அறிந்து, தோழர் இரண்டொருவர் விடுதலை பெற வழி செய்கிறான். தான் மட்டும் கடைசியில் போர்முனைக்குக் கிளம்புகிறான். பார்ப்பவர் எவரும் அவனை மெச்சுவர். நானும் மெச்சினேன். படுத்த பிறகுதான் ஒரு கேள்வி எழுந்தது. அன்று காலை பெரட்டில் நான் நடந்துகொண்ட விதத்திற்கும் இந்த மெச்சுதலுக்கும் என்ன பொருத்தம்?

சி ரூசா வட்டாரத்தில் வசிப்போருக்குக் கவாத்து ஓசை புதிதன்று. 1933 மார்ச் 1ஆம் தேதி, 25 இளைஞர்களைக் கொண்டு மலாய்ப் படை தொடங்கப்பட்டது இந்தப் போர்ட் டிக்சனில்தான். மலாய் இளைஞர் இராணுவக் கட்டுப்பாட்டுக்குப் படிவார்களா என்று பார்க்கும் சோதனை அது. 1942 பிப்ரவரியில் பாசிர் பாஞ்சாங்கில் ஜப்பானியரை எதிர்த்து நின்று, லெப்டினன்ட் அட்னான் முதலானோர் மடிந்து, அந்தக் கேள்விக்கு விடை கூறினர். அட்னான் மடிந்த மறுநாளே, சோதனை நடத்திய ஆங்கிலேயர் சிங்கப்பூரில் சரணடைந்தார்கள். இதனைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பின்பாதியை ஏனோ மெதுவாகச் சொல்கிறோம்.

நிற்க. நம் தோட்டங்களில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். 'பரேட்' என்ற பட்டாளச் சொல்லே நம் பாட்டன்மார் நாவில் புரண்டு பெரட்டாயிற்று. சொல்லோடு அதன் குணமும் வந்தது. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. என் பெரட்டில் நிற்போர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவருமாவர். பெயர் கூப்பிடும் கிராணி மட்டும் தமிழன்.

இத்தகைய பெரட்டுகளில் கைகட்டி நின்ற தமிழர்தாம் 1943இல் ஆயிரக்கணக்கில் சுபாஷ் சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டபோது, அதில் சேர்ந்தவருள் மிகப் பலர் மலாயாத் தோட்டத்துப் பெண்கள். எல்லாரும் சுதந்திர தாகத்தால் ஓடினர் என்று நான் கதை கட்டமாட்டேன். சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்பவேண்டுமென்று சேர்ந்தவரும் உண்டு. ராணிப் படைப் பெண்கள் துப்பாக்கி பிடிக்கப் பழகி, பர்மாவரைக்கும் சென்று, முன்னணிக்கு அனுப்பப்படாமலே 1945இல் பின்வாங்கினர். அவர்கள் கதையும் யுத்தம் காணாத யுத்தப் படமே.

அப்பயிற்சி வீண் என்பாருக்கு நான் காட்டுவது கெடாவை. யுத்தம் முடிந்தபின், 1946, 47ஆம் ஆண்டுகளில், அங்குள்ள தோட்டத் தமிழர் தொண்டர் படை ஒன்று அமைத்தனர். வரிசையாக நின்றனர், கவாத்துப் பழகினர், கள்ளுக்கடையை மூடு என்றனர். அவர்களுக்கு முன்மாதிரி இந்திய தேசிய இராணுவமே. படியப் பழக்கும் கவாத்து இங்கே மறுக்கவும் பழக்கிற்று! சினிமா நாயகன் தனியொருவனாய் மறுத்தான்; அது அழகாக இருக்கிறது. தனியொருவனாய் மறுத்த தோட்டத்து ஆளின் பெயரைச் செக்ரோலிலிருந்து அடித்துவிட்டால் தீர்ந்தது. நூறு பேர் ஒரே அடி எடுத்துவைத்து மறுக்கும்போது எந்தப் பேனாவால் அடிப்பது? ஆதலால் கட்டளைக்குப் படிவதே இழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாருடைய கட்டளைக்கு, எதன்பொருட்டு என் உடம்பைக் கொடுத்தேன் என்ற கேள்விக்கு நான் பதில் வைத்திருக்கிறேனா என்பதே என் கவலை.

அன்று காலை ஓர் ஆள் கால் மணி நேரம் பிந்தி வந்தான். காய்ச்சலில் கிடந்த அறைத்தோழனைக் கிளினிக்கில் விட்டு வந்ததாகச் சொன்னான். மானேஜர் காதில் அது ஏறவில்லை. "அரைநாள் போடு" என்றார், போட்டேன். உத்தரவு, என் பொறுப்பன்று என்று எனக்கு நானே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டேன். ஆங்கிலத்தில் சொன்னால் அவ்வளவாகச் சுடுவதில்லை. அந்தப் படிப்பினால் நான் அடைந்த லாபங்களுள் இது ஒன்று. அவனோ மானேஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். கட்டளையை மீறிய சிப்பாய்க்கு இராணுவ விசாரணை உண்டு, சிறை உண்டு. எனக்கு என்ன உண்டு? ஒரு முறைப்பு, மிஞ்சினால் போனசில் ஒரு வெட்டு.

இம்மாதக் கணக்கு வருகிற வெள்ளிக்கிழமைதான் மூடப்படும். செக்ரோல் என் மேசைமேல் இருக்கிறது. அவன் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் அரை என்றுதான் இன்னும் இருக்கிறது.