தொடர்பு அறுந்தால் வாக்கும் அறுமா?

ஒருவரை நம்பலாம் என்று நாம் சொல்லும்போது எதனை எண்ணிச் சொல்கிறோம்? சொன்ன நேரத்துக்கு வருவார், ஏற்ற வேலையை முடிப்பார், ஆபத்து வேளையில் கைவிடமாட்டார் என்பதையே எண்ணுகிறோம். நம்பகம் என்பது மனிதருக்குரிய குணம். அண்மைக் காலத்தில் அந்தச் சொல்லைக் கருவிகளுக்கும் வழங்கி, 'நம்பகமான இணைய இணைப்பு' என்கிறோம். அதிலே தவறில்லை. ஆனால், கருவியின் நம்பகமும் மனிதரின் நம்பகமும் ஒன்றே என்று எண்ணத் தொடங்கும்போது சிக்கல் பிறக்கின்றது. அழைத்தவுடன் அகப்படாதவர் பொறுப்பற்றவர் என்ற தீர்ப்பு எளிதில் எழுந்துவிடுகின்றது. வாசகரே, இத்தீர்ப்பு நியாயமானதுதானா? எந்நேரமும் பிறர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டிய கடமை நமக்கு உண்டா?

இவ்வினாவுக்கு நல்லதோர் உரைகல், வட அமெரிக்காவில் வீட்டு வாகனங்களில் பயணம் செய்வோரின் வாழ்க்கை. ஆர்.வி. என்று அங்கே சுருக்கமாக அழைக்கப்படும் இவ்வாகனத்தினுள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உண்டு. இளைப்பாறியவர்கள் குளிர்காலத்தில் தெற்கு நோக்கி ஓட்டிச் செல்வார்கள். விடுமுறைக்குக் குடும்பமாகப் புறப்படுவோரும் உளர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர், தொழிலையும் வாகனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்வோர் பலராயினர். இவர்களுக்கு இணையம் பொழுதுபோக்கன்று. அது சம்பளம், பிள்ளையின் பாடம், முதிய தாயின் நலன் விசாரிக்கும் வழி, மறுநாட் புயலை அறிவிக்கும் குரல். எனவே, "எங்கே போனாலும் இணைப்பு அறாதிருக்க என்ன செய்யலாம்?" என்பதே அவர்கள் கூடுமிடமெல்லாம் எழும் கேள்வி.

கருவிகளின் எல்லை

இக்கேள்விக்கு விடையாக அவர்கள் கையாளும் வழிகள் பல. முதலாவது, கைத்தொலைபேசிக் கோபுரம். ஐக்கிய அமெரிக்காவில் நாடளாவிய சேவை நடத்தும் பெரிய நிறுவனங்கள் மூன்று: வெறைசன், ஏ.ரி. அன்ட் ரி., ரி-மொபைல். ஒன்று எட்டாத இடத்தில் மற்றொன்று எட்டக்கூடும் என்பதால், அனுபவசாலிகள் இரண்டு நிறுவனங்களின் இணைப்பையாவது வைத்திருப்பார்கள். ஆனால், பாலைவனத்தின் நடுவிலும் மலைப் பள்ளத்தாக்கின் அடியிலும் மூன்றுமே எட்டாத இடங்கள் உண்டு.

இரண்டாவது, அலைபெருக்கி. வாகனத்தின் கூரையில் ஓர் அலைவாங்கியைப் பொருத்தி, மெலிந்து வரும் அலையைப் பெருக்கி உள்ளே தரும் கருவி இது. மெலிந்ததை இது வலுப்படுத்தும், இல்லாததை உண்டாக்காது. மூன்றாவது, வாகனத் தரிப்பிடங்களில் கிடைக்கும் வைஃபை. ஒரே இணைப்பைத் தங்கியிருப்போர் அனைவரும் பங்கிடுவதால், இரவு உணவுக்குப் பின் அதன் வேகம் நத்தையின் வேகமாகிவிடும்.

நான்காவது, செய்மதி. பழைய செய்மதி இணையம், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகளை நம்பியிருந்தது. கேள்வி மேலே சென்று கீழே இறங்கி, விடை மீண்டும் மேலே சென்று கீழே வருவதற்குள், ஒளியின் வேகத்திலேயே ஏறத்தாழ அரை விநாடி கழிந்துவிடும். ஸ்ரார்லிங்க் நிறுவனத்தின் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவதால் இத்தாமதம் வெகுவாகக் குறைந்தது. 2022 மே மாதத்தில் வீட்டு வாகனங்களுக்கெனத் தனிச் சேவையை அந்நிறுவனம் ஆரம்பித்தபோது, தம் குறை தீர்ந்தது என்று பலர் மகிழ்ந்தனர். அதற்கும் ஓர் எல்லை உண்டு. தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். எந்த மரநிழலை நாடிப் பயணி காட்டுக்குள் சென்றாரோ, அந்த மரமே இணைப்பை மறித்து நிற்கும்.

ஆகவே, மூன்று நான்கு வழிகளைச் சேர்த்து வைத்திருப்பவருக்கும் முழு உறுதி கிடையாது. இது ஒரு தொழில்நுட்பச் செய்தி மாத்திரமன்று. உறுதி தரமுடியாத ஒன்றின்மேல் உறுதியான வாக்கைக் கட்டலாமா என்ற ஒழுக்க வினா இதற்குள் இருக்கின்றது.

ஒரு குடும்பத்தின் கதை

2006 நவம்பரின் இறுதியில், ஒறிகன் மாநிலத்தின் மலைப்பாதை ஒன்றில் நால்வர் கொண்ட குடும்பம் ஒன்றின் மோட்டார் வண்டி பனியில் சிக்கிக்கொண்டது. தாய், தந்தை, இரண்டு சிறு பெண்பிள்ளைகள். வீட்டு வாகனமன்று, சாதாரணக் கார்தான். ஆனால், தொடர்பற்ற பாதையில் செல்லும் எவருக்கும் நேரக்கூடியதே நேர்ந்தது. உதவிக்கு அழைக்க வழியிருக்கவில்லை. அவர்களைக் காணவில்லை என்ற முறைப்பாடே சில நாள்கள் கழித்துத்தான் பொலிசாருக்குக் கிடைத்தது.

தேடும் பரப்போ மிகப் பெரிது. அப்பொழுது தொலைபேசி நிறுவனமொன்றின் பொறியியலாளர் இருவர் பதிவேடுகளைத் துருவி ஆராய்ந்து, அக்குடும்பத்தின் தொலைபேசியை ஒரு கோபுரம் ஒரு கணம் தொட்டிருந்ததைக் கண்டுபிடித்தனர். அந்த ஒரு கணத் தொடர்பு தேடலின் எல்லையைச் சுருக்கியது. டிசம்பர் 4ஆம் திகதி தாயும் பிள்ளைகளும் உயிருடன் மீட்கப்பட்டனர். உதவி தேடிப் பனிக்குள் நடந்து சென்ற தந்தையின் உடலே இரண்டு நாள்களின் பின் கிடைத்தது.

இச்சம்பவம் நமக்கு இரண்டு உண்மைகளைச் சேர்த்தே சொல்கின்றது. தொடர்பு உயிர் காக்கும். ஆதலால், "இயற்கையை நாடிச் செல்பவருக்கு இணையம் எதற்கு?" என்று வீட்டிலிருந்தபடி ஏளனம் செய்வது அறியாமை. 2022 நவம்பர் முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐபோன் 14 போன்ற தொலைபேசிகளிலிருந்து, கோபுரமே இல்லாத இடத்திலும் செய்மதி வழியாக அவசர உதவி கோர முடிகின்றது. இது பெரும் நன்மை. ஆனால், மற்றைய உண்மையும் உண்டு. இன்ன பாதையால் போகின்றோம், இன்ன இரவுக்குள் செய்தி வராவிட்டால் தேடுங்கள் என்ற ஒரு சொல் முன்கூட்டியே ஒருவரிடம் இருக்குமானால், தேடல் நாள்கள் கழித்துத் தொடங்க வேண்டியதில்லை. எந்தக் கோபுரமும் இல்லாமல் சொல்லக்கூடிய சொல் அது.

நம் மொழியில் வீட்டை விட்டுப் புறப்படுபவர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வாறன்' என்றே சொல்வார். 'போகிறேன்' என்று வாய் தவறிச் சொன்னால் வீட்டிலுள்ள பெரியவர்கள் உடனே திருத்துவார்கள். எங்கே, எப்போது வருவாய் என்ற கேள்வியும் கூடவே வரும். போகின்றவர் தம் வரவைப் பற்றிய வாக்கொன்றை விட்டுச் செல்கின்றார்; இருப்பவர் அதை வைத்துக்கொண்டு காத்திருக்கின்றார். தொடர்பு அறுந்திருக்கும் நேரத்திலும் உறவைத் தாங்கி நிற்பது அந்த வாக்கே.

அயலவரின் பங்கு

பயணி தம் குடும்பத்துக்கு மாத்திரம் கடமைப்பட்டவரல்லர். வானலை எல்லையற்ற பொருளன்று. கிணற்று நீரைப் போலப் பங்கிடப்படும் பொருள். ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவாட்சைற் என்றொரு சிறிய பாலைவன ஊர் உண்டு. நிரந்தரமாக வாழ்வோர் சில ஆயிரவரே. அண்மையிலுள்ள லா போசா என்ற பொது நிலத்தில், செப்ரெம்பர் 15 தொடக்கம் ஏப்ரல் 15 வரை அனுமதிச்சீட்டுப் பெற்று நீண்டகாலம் தங்கலாம். குளிர்காலத்தில் வீட்டு வாகனங்கள் அங்கே திரள்திரளாக வந்து சேர்கின்றன. அத்தனை பேரும் மாலையில் திரைப்படம் பார்க்க முனைந்தால், அவ்வூர்ப் பிள்ளை தன் பாடத்துக்குத் திறக்கும் பக்கமும் அசையாது நிற்கும். கட்டணம் செலுத்தினேன் என்பது உண்மை. ஆனால், கட்டணம் செலுத்தியவர் தாம் ஒருவர் மாத்திரமல்லர்.

ஸ்ரார்லிங்க் நிறுவனமும் தன் வீட்டு வாகனச் சேவையை ஆரம்பித்தபோது, நெருக்கடி வேளையில் நிலையான வீட்டுப் பாவனையாளருக்கே முதலிடம் என்று அறிவித்தது. வந்து போகின்றவர், அவ்விடத்திலேயே வாழ்கின்றவருக்கு வழிவிடுவது வியாபார விதியாக இருப்பினும் நல்ல ஒழுக்க விதியுங்கூட. அலைபெருக்கியின் கதையும் இதையே உணர்த்துகின்றது. தரமற்ற பெருக்கி தன் இரைச்சலையே கோபுரத்துக்கு அனுப்பி, மற்றவர்களின் அழைப்பைக் கெடுக்கவல்லது. அதனாலேயே அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 2013இல் விதிகளை வகுத்தது. கருவி உரிய தரத்தில் இருக்கவேண்டும்; சேவை நிறுவனத்திடம் பதியப்படவேண்டும்; இடையூறு விளைவித்தால் நிறுத்தப்படவேண்டும். என் குரல் உரத்துக் கேட்கவேண்டும் என்பதற்காக அடுத்தவரின் குரலை அமுக்க எனக்கு உரிமையில்லை என்பதே இதன் சாரம்.

மௌனத்தின் உரிமையும் விலையும்

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் கிறீன் பாங்க் என்ற சிற்றூரில், நூறு மீற்றர் அகலமான வானொலித் தொலைநோக்கி ஒன்று நிற்கின்றது. அண்டவெளியின் மிக மெல்லிய அலைகளை அது செவிமடுக்கின்றது. இத்தகைய வானொலி ஆய்வின் பொருட்டு 1958இல் ஏறத்தாழ 13,000 சதுர மைல் பரப்பு 'வானொலி அமைதி வலயம்' என்று வகுக்கப்பட்டது. தொலைநோக்கிக்கு அண்மையில் அலை பரப்பும் கருவிகளுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அவ்வழியே செல்லும் பயணியின் தொலைபேசி மௌனமாகிவிடும். அங்கே அது குறைபாடன்று. ஒருவர் கேட்பதற்காக மற்றவர் பேசாதிருக்கும் மரியாதை.

ஆனால், அம்மௌனத்தை மெச்சிவிட்டு மறுநாள் புறப்பட்டுவிடும் பயணிக்கும் அங்கேயே வாழ்பவருக்கும் வேறுபாடு உண்டு. அவசர சேவையினரின் தொடர்புகளும் இக்கட்டுப்பாடுகளால் இடர்ப்படுகின்றன என்று அப்பகுதி மக்கள் குறைகூறி வந்துள்ளனர். ஆகவே, தொடர்பின்மையை ஒரு பேறாகப் போற்றுவோர், அதன் விலையை யார் செலுத்துகின்றார் என்றும் கேட்கவேண்டும். விரும்பிச் சில நாள் விட்டிருப்பது ஓய்வு. வேண்டியும் பெறமுடியாதிருப்பது வறுமை. இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

ஒரு மறுப்பு

"இவையெல்லாம் நல்ல பேச்சு. ஆனால், என் எசமானர் எந்நேரமும் விடை எதிர்பார்க்கின்றாரே! முன்கூட்டிச் சொன்னால் வேலையே போய்விடுமே!" என்று ஒருவர் கேட்கலாம். இது தள்ளிவிடக்கூடிய மறுப்பன்று. வேலைநேரத்தில் இணைப்பில் இருப்பதாக ஒப்புக்கொண்டு சம்பளம் பெறுபவர், அழகிய பள்ளத்தாக்கைக் கண்டதும் அவ்வொப்பந்தத்தை மறந்துவிடலாகாது. அவர் திங்கள் முதல் வெள்ளி வரை கோபுரம் எட்டும் ஊரில் தங்கி, விடுமுறை நாள்களில் மலைக்குச் செல்வதே நேர்மை. வாரநாட்களிலும் மலையில்தான் இருப்பேன், வேலையிலும் குறை வராது என்று சொல்வது, தம் கையில் இல்லாததை அடகு வைப்பது போன்றது.

எசமானருக்கும் கடமை உண்டு. வேலைநேரத்தை அவர் விலைக்கு வாங்கினாரேயன்றி மனிதரை வாங்கவில்லை. இரவிலும் விடுமுறையிலும் உடனே விடை வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், தொழிலாளியின் ஓய்வைச் சம்பளமின்றி எடுத்துக்கொள்கின்றார். 2017இன் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில், வேலைநேரத்துக்குப் புறம்பே தொடர்பைத் துண்டித்திருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றது. சட்டமே பேசவேண்டிய நிலை வந்ததென்றால், அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது என்பதை நாமே ஊகிக்கலாம்.

நாம் கொள்ளவேண்டிய முடிவு

எந்நேரமும் அகப்படவேண்டும் என்ற கடமை எவருக்கும் இல்லை. ஆனால், எப்போது அகப்படுவோம் என்று சொன்னோமோ அப்போது அகப்படவேண்டிய கடமை உண்டு. எப்போது அகப்படமாட்டோம் என்பதை, நம்மை நம்பியிருப்போருக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டிய கடமை அதனினும் பெரிது. நல்ல கருவிகளை வாங்குவதும் இரண்டு வழிகளை ஆயத்தமாக வைத்திருப்பதும் விவேகம். அவற்றின் எல்லையை அறிந்து, அதற்குள் அடங்கும் அளவுக்கே வாக்குக் கொடுப்பது நேர்மை.

வாசகரே, நம்முள் பெரும்பாலோர் வீட்டு வாகனத்தில் பாலைவனம் கடக்கப் போவதில்லை. ஆனாலும், நம் எல்லோர் பையிலும் ஒரு தொலைபேசி இருக்கின்றது. நம் எல்லோருக்காகவும் எங்கோ ஒருவர் காத்திருக்கின்றார். அடுத்த முறை பயணம் புறப்படுமுன் மின்னேற்றியை எடுத்துவைத்தோமா என்று பார்ப்பதுடன், போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலே சொல்லிவைத்தோமா என்றும் பார்ப்போமாக. வழியில் கோபுரம் மறையலாம், மரம் மறிக்கலாம், பற்றறி தீரலாம். சொல்லிவைத்த சொல் மாத்திரம் வீட்டிலே இருந்து நமக்காகப் பேசிக்கொண்டிருக்கும்.