எஞ்சியவையும் எஞ்சாதவையும்

அழியாது எஞ்சிய பொருள்களைக் கொண்டே நாம் சென்ற காலத்தை அறிகின்றோம். ஆயின், எஞ்சியது மட்டுமே நினைக்கத்தக்கது என்று கொள்வது அறமாகுமா? விடுமுறையொன்றில் அம்மம்மாவைக் காண யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது இவ்வினா என்முன் எழுந்தது.

நல்லூர் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலை சிறியது. ஒரு முற்பகலிற் பார்த்து முடிக்கக்கூடியது. மாமாவுடன் அங்கு சென்றேன். ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிகளையும் திமிங்கில என்புகளையும் கண்டோம். கந்தரோடைச் சிற்பங்களும் அங்குள்ளன. போல் பீரிஸ் தம் ஆய்வுரையை 1917இல் வெளியிட்ட காலமுதல் கந்தரோடை குடாநாட்டின் தொன்மைக்குச் சான்றாகப் பேசப்பட்டு வருகின்றது. இவற்றைக் கண்டு பெருமிதம் கொள்வது இயல்பே.

அங்கே ஒரு பல்லக்கும் உண்டு. பல்லக்கைக் காண்போர் அதில் அமர்ந்தவர் யாரென வினவுவர். சுமந்தவர் யாரென வினவுவோர் அரியர். ஆனாற் பல்லக்கு என்னும் பொருளே பிறர் தோளின்றி இயங்காதது. யாழ்ப்பாணச் சமுதாயத்தில் அத்தோள்கள் பிறப்பினாற் கடமைப்பட்டவையாக இருந்தன. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. எனினும், 1957இல் தீண்டாமைக்கு எதிராக இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. அதன் பின்னரும் 1960களின் இறுதியிலே தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் செல்வதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தது. பல்லக்கு எஞ்சியது, தோள்கள் எஞ்சவில்லை.

வீடு திரும்பியதும் மாமா தம் எண்ணமொன்றை வெளியிட்டார். எங்கள் வீட்டிலே தலைமுறைகள் கண்ட பித்தளை மூக்குப்பேணி ஒன்றுண்டு. இதழ் படாது அண்ணாந்து அருந்துவதற்கு வாய்ப்பாக மூக்கு வைத்து வார்க்கப்பட்ட பேணி அது. அதனை நூதனசாலைக்குக் கொடுத்தாலென்ன என்றார். அம்மம்மா சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர், “பேணியைக் குடுப்பியள், சரி. சிரட்டையை ஆர் குடுக்கிறது?” என்றார்.

எவருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வீட்டார் பேணியில் அருந்த, எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வேலியோரத்திலே சிரட்டையில் நீர் பெற்றனர். வார்த்தவர்களுள் அம்மம்மாவும் ஒருவர். பேணியைப் புளியிட்டு மினுக்கி வைத்தோம்; சிரட்டையை அடுப்பில் எரித்தோம்.

இங்கேதான் எம் வினா கூர்மை பெறுகின்றது. செல்வரின் பொருள் உலோகத்தாலும் கல்லாலும் ஆனது. வறியவரின் பொருள் ஓலையாலும் ஓட்டாலும் ஆனது. காலம் முன்னதை விட்டுப் பின்னதைக் கொண்டுபோகின்றது. ஆகவே எவரும் வஞ்சகம் நினையாத போதும், காட்சிப் பேழை ஒருபக்கச் சாட்சியே கூறும். அநீதி செய்தவரின் கைப்பொருள் அழகியதாய் நிலைக்க, அநீதிக்கு ஆளானவரின் சான்று சாம்பலாகின்றது.

நூதனசாலை உள்ளதைத்தானே காட்டும், இல்லாததைக் காட்டினால் அது பொய்யாகாதோ எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. புதிய சிரட்டையொன்றைப் பழையதென வைத்தாற் பொய்தான். ஆனால் ஒரு பொருள் ஏன் இல்லை என்று எழுதி வைப்பது பொய்யாகாது. இல்லாமைக்கும் வரலாறு உண்டு.

இதனினும் கடினமான மறுப்பு ஒன்றுண்டு. சிரட்டையில் அருந்தியவரின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியராகவும் வைத்தியராகவும் உள்ளனர். முன்னோரின் அவமானத்தைக் காட்சிக்கு வைத்து, அவர்களை மீண்டும் வேலியோரத்தில் நிறுத்துவது தகுமா? தகாது. அவர்தம் முன்னோரின் கதையைச் சொல்வதா, எவ்வாறு சொல்வது என்பனவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது. ஆயின், வார்த்தவரின் கதை எம்முடையது. பிறர் மனம் நோகுமென்று கூறி எம் குற்றத்தை மறைத்துக்கொள்வது மரியாதையின் போர்வையிலே செய்யும் கோழைத்தனமாகும். அவமானம் சிரட்டையை ஏந்திய கையிலன்றி, அதை நீட்டிய கையிலே இருந்தது.

எனவே, நிலைத்த பொருளை உடையோர்க்கு ஒரு கடன் உண்டு: தம் பொருளோடு அதன் நிழலையும் சேர்த்துக் கொடுத்தல். அதனைச் செய்யாத நினைவு வெறும் தற்புகழ்ச்சியாகவே முடியும்.

பேணி இன்னும் எம் வீட்டிலேயே இருக்கின்றது. அதனோடு கொடுப்பதற்கு ஒரு குறிப்பு எழுதுமாறு மாமா என்னிடம் கூறினார். பலமுறை எழுதிக் கிழித்தபின் ஒரு வாக்கியம் மட்டும் எஞ்சியது: “இவ்வீட்டிலே இப்பேணியில் நீர் அருந்த அனுமதிக்கப்படாதவர்களும் உழைத்தார்கள்.” அதனை வாசித்துக் காட்டியபோது அம்மம்மா கேட்டார்: “அனுமதிக்காதது ஆரெண்டும் எழுது, மோனை.”