இரு நூல்கள்

தமிழில் ‘நூல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கற்கும் ஏடும் நூல். நெய்யும் இழையும் நூல். நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்தனர். உலகியலிலோ, ஏட்டு நூலைக் கையிலெடுத்தவர் மேலோர் என்றும் இழை நூலைக் கையிலெடுத்தவர் கீழோர் என்றும் ஒரு பிரிவினை வேரூன்றிவிட்டது. இப்பிரிவினையை நீக்கும் பொருட்டுக் கைத்தொழில் வழியே கல்வி புகட்ட வேண்டும் என்றார் காந்தியடிகள். அக்கல்வி பிள்ளையை விடுவிக்குமா, அன்றித் தொழிலோடு பிணைத்துவிடுமா என்னும் வினாவை வாசக அன்பர்களுடன் சேர்ந்து ஈண்டு ஆராய விழைகிறோம்.

நாம் வாழும் தென்னேரி, காஞ்சி மாநகரை அடுத்தது. திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவிற்று என்பர். ஏரிநீரால் உழவும், காஞ்சித் தொடர்பால் பட்டு நெசவும் இவ்வட்டாரத்தாருக்கு வாழ்வளித்தன. 1950-களின் இறுதியில் நாம் தொடக்கப் பள்ளியில் பயின்றபொழுது, தக்ளியில் நூல் நூற்பதற்கென்றே ஒரு பாடவேளை இருந்தது. பஞ்சு அறுந்துபோனால் ஆசிரியரிடம் குட்டு வாங்குவோமேயன்றி, ஏன் நூற்கிறோம் என்று கேட்டதில்லை. 1969-இல் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த பின்னரே அதன் காரணம் விளங்கியது.

காந்தியடிகளின் கல்விக் கொள்கை ஏடுகளிலிருந்து பிறந்ததன்று. 1910-இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில், சத்தியாக்கிரகக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவரே ஆசிரியரானார். அப்பிள்ளைகளுள் தமிழ்ச் சிறுவரும் இருந்தனர். கப்பற் பயணங்களிலும் சிறையிலும் போப்பையரின் கையேட்டைக் கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழை வைத்து, எழுத்தே அறியாத அவர்களுக்கு எழுத்தறிவித்தார். தோட்ட வேலையும், தச்சும், செருப்புத் தைத்தலும் அங்கே பாடங்களாயின. ஆசிரியர் செய்யாத எவ்வேலையையும் மாணவரைச் செய்யச் சொல்லலாகாது என்பது அப்பண்ணையின் விதி. இவ்விதியை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இவ்வனுபவமே 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிற்கு வித்தாயிற்று. ஏழு முதல் பதினான்கு வயது வரை எல்லோர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழிப் பயிற்சி, ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட பாடங்கள் என்பன அதன் சாரம். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் பாடத்திட்டக் குழு அமைந்தது. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா அக்குழுவில் உறுப்பினர். யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம், தம் துணைவியார் ஆஷாதேவியுடன் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விப் பணிக்கே வாழ்நாளை அளித்தார். தமிழகத்தில் 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் இம்மரபில் தழைத்த பெருமரமாகும்.

கடல் கடந்த நாட்டிலும் இக்கருத்து முளைத்திருந்தது. அமெரிக்க மெய்யியலறிஞர் ஜான் டூயி 1896-இல் சிக்காகோவில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அங்குள்ள சிறுவர்க்குப் பருத்தியும் கம்பளி மயிரும் கையில் தரப்பட்டன. கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்க அரைமணி நேரம் முயன்றும் அவர்களுக்குக் கிடைத்தது ஓர் அவுன்சுக்கும் குறைவே. தம் முன்னோர் பருத்தியை விடுத்துக் கம்பளி உடுத்ததன் காரணத்தை அச்சிறுவர் தம் விரல்களாலேயே கண்டுகொண்டனர். தொழிலைக் கற்பது டூயியின் நோக்கமன்று. தொழில் வழியே உலகைக் கற்பதே நோக்கம். காந்தியடிகளோ ஒருபடி மேற்சென்று, மாணவர் செய்யும் பொருளின் விலையால் பள்ளி தன் செலவைத் தானே ஈடுசெய்யலாம் என்று கருதினார். வறிய நாட்டில் அனைவர்க்கும் கல்வியளிக்க வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை. இதனால் பிள்ளைகள் கூலியாட்களாகிவிடுவரோ என்னும் ஐயத்தைப் பேராசிரியர் கே. டி. ஷா போன்றோர் அப்பொழுதே எழுப்பினர். வருவாயைப் பெரிதாக்கிக் கல்வியைச் சிறிதாக்கும் ஆபத்து உண்டு என்று ஜாகிர் உசேன் குழுவும் எச்சரித்தது.

அந்த ஆபத்தை நாம் ஏட்டில் மட்டும் கண்டோமில்லை. நம் பணிக்காலத்தில், 1983-இல் நிகழ்ந்த ஒன்றை மறைக்காமல் உரைக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் நெசவாளர் வீட்டுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பின்னக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் தலைகுனிந்து நிற்பான். ஒருநாள் பாடத்தை மாற்றி, “உன் அப்பா ஒரு நாளைக்கு முக்கால் முழம் நெய்தால், பன்னிரண்டு முழச் சேலைக்கு எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டோம். கண்ணிமைக்கும் நேரத்தில், “பதினாறு நாள் டீச்சர்” என்றான். பன்னிரண்டை முக்காலால் வகுக்கத் தெரியாத பிள்ளை, தறியருகே அமர்ந்து அதே கணக்கைக் கற்றிருந்தான். அன்று காந்தியடிகள் வென்றார் என்றே மகிழ்ந்தோம். மகிழ்ச்சி மிகுதியால் அவன் தந்தையைக் கண்டபொழுது, “உங்கள் மகன் தறிக்கணக்கில் கெட்டிக்காரன்” என்றும் கூறினோம். “நீங்களே சொல்லிட்டீங்க டீச்சரம்மா, அப்புறம் என்ன!” என்றார் அவர்.

அடுத்த திங்கட்கிழமை அவன் இடம் வெறுமையாயிருந்தது. கோர்வைச் சேலை நெய்கையில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் ஆதலால், மறுபக்கக் கரைக்கு நாடா வீச இன்னொருவர் அருகில் அமர வேண்டும். அவ்விடம் பெரும்பாலும் சிறுவர்க்கே உரியதாயிருந்த காலம் அது. அத்தந்தை முன்பணம் வாங்கியிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. இருமுறை அவர்கள் வீட்டிற்குச் சென்றோம், பயனில்லை. வறுமையே அவனைப் பள்ளியிலிருந்து பிரித்தது. ஆயினும் அதற்கு ஒரு சாக்கை அளித்தது நம் சொல்லே.

இதனை எண்ணும்பொழுதெல்லாம் 1953-ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். இராஜாஜி அவர்கள் முதலமைச்சராயிருந்தபொழுது, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து இரு பிரிவாக்கி, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. இருக்கும் பள்ளிகளைக் கொண்டே கூடுதலான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அரசின் வாதம். பெரியாரும் பிறரும் இதனைக் ‘குலக்கல்வி’ எனக் கண்டித்தனர். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். பின்வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். காந்தியடிகளின் கல்வியும் குலக்கல்வியும் ஒன்றே என்று கருதுவோர் இன்றும் உளர். அவ்வையம் அடிப்படையற்றது என்று தள்ளிவிட முடியாது. குலத்தொழில் முறையைக் காந்தியடிகளே பல்லாண்டுகள் ஆதரித்து எழுதியவர்தாம்.

எனினும் இரண்டும் ஒன்றல்ல என்பதே நம் கருத்து. வேறுபாட்டை அறிய மூன்று வினாக்களைக் கேட்டால் போதும். முதலாவது, அத்தொழிலை யார் யார் செய்கின்றனர்? நெசவாளி மகன் மட்டும் நூற்றால் அது குலத்தொழில். கடைக்காரர் மகளும் அலுவலர் மகனும் உடனமர்ந்து நூற்றால், ஆசிரியரும் நூற்றால், அது கல்வி. டால்ஸ்டாய் பண்ணை விதியின் உயிர் இதுவே. இரண்டாவது, வேலை எப்பொழுது முடிகிறது? பாடம் விளங்கியவுடன் முடிந்தால் கல்வி. பொருளுக்குரியவர் நிறைவடையும்பொழுது முடிந்தால் உழைப்பு. மூன்றாவது, ‘ஏன்’ என்று கேட்க அங்கே பிள்ளைக்கு உரிமை உண்டா? தறியருகே அமர்ந்த அச்சிறுவனுக்குக் கணக்கு வந்தது. கேள்வி கேட்க நேரம் இல்லை.

இம்மூன்றாம் வினா ஆசிரியரையும் சோதிக்கும். பிற்காலத்தில் பட்டு இழையையும் புழுக்கூட்டையும் வகுப்பிற்குக் கொணர்ந்து பாடம் நடத்தினோம். “பூச்சி வெளியே வந்துவிட்டால் நூல் என்னாகும்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். கூடு துளைபட்டு நீண்ட இழை அறுபடும் என்றோம். “அப்படியானால் பூச்சியை என்ன செய்வார்கள்?” என்றாள். உள்ளிருக்கும் உயிரோடு கூட்டை வெந்நீரிலோ ஆவியிலோ இடுவர் என்னும் உண்மையை உரைத்தோம். வகுப்பு அமைதியாயிற்று. நெய்பவர் வீட்டுப் பிள்ளைகளும் உடுத்துபவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்திருந்த வகுப்பு அது. விடை அவரவர் உள்ளத்திற்கே உரியது. கொல்லாமையைப் பேரறமாகப் போற்றும் நாம், அக்கேள்வியை வாய்பாடு ஒப்பிக்கும் வகுப்பில் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டோம் என்பதை மட்டும் ஈண்டுக் குறிக்கிறோம்.

ஆதிபகவன் மக்கட்கு அறுதொழில்களை வகுத்தருளிய வரலாறு நம்மவர் அறிந்ததே. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் அவ்வரிசையில் எழுத்தும் ஒரு தொழிலாகவே நிற்கிறது. ஏரும் உளியும் அதனோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. தம் புதல்வியரான பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தவரும் அவரே. எழுத்தும் தொழிலும் ஓர் ஆசானிடமிருந்தே வந்தன எனில், ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த நமக்கு உரிமை ஏது?

சுதந்திர இந்தியாவில் ஆதாரப் பள்ளிகள் மெல்ல மறைந்தன. 1964–66-இல் ஆய்ந்த கோத்தாரிக் குழு ‘பணி அனுபவம்’ என்றது. 1977-இல் ஈசுவர்பாய் படேல் குழு ‘சமுதாயப் பயனுள்ள ஆக்கப் பணி’ என்றது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர் பத்து நாள் புத்தகப்பையின்றி உள்ளூர்க் கைவினைஞரிடம் பயில வேண்டும் என்கிறது. தமிழகத்தில் குலக்கல்வி அச்சமும் உடனே மீண்டும் எழுந்தது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை விலக்கியது நன்று. ஆயினும் பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. அவ்வாயில் வழியே செல்வது கல்வியா, உழைப்பா என்பதை அறிய மேற்சொன்ன மூன்று வினாக்களே அளவுகோல்.

2005-இல் ஒருநாள், அச்சிறுவன் வளர்ந்து தந்தையாகித் தன் மகளைப் பள்ளியிற் சேர்க்க வந்தான். நம்மை அடையாளம் கண்டுகொண்டான். “இவளுக்குப் படிப்பு மட்டும் போதும் டீச்சரம்மா, கைவேலையெல்லாம் வேணாம்” என்றான். மேசை இழுப்பறையிலிருந்த தக்ளியைக் காட்டி, இங்கே எல்லாப் பிள்ளைகளும் நூற்பர், நாமும் நூற்போம், எவரும் கூலிக்கு நூற்பதில்லை என்று விளக்கினோம். அவன் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இதை அன்னிக்கு எங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர்” என்றான். குரலில் கோபம் இல்லை. நம்மிடம் விடையும் இல்லை.

மகளைச் சேர்த்துவிட்டே சென்றான். கையைப் பழக்கும் கல்வி நன்றே. ஆனால் அது எல்லாப் பிள்ளைகளின் கையையும் ஒருங்கே பழக்கும் வரையில்தான் நன்று. தம் பிள்ளைக்கு ஏட்டு நூலையும் பிறர் பிள்ளைக்கு இழை நூலையும் வகுத்தளிப்போர் காந்தியடிகளின் பெயரைச் சொல்ல உரியவரல்லர். இதனை நம் இல்லங்களிலிருந்தே சிந்திக்கத் தொடங்குவோமாக.