ஊறல்

காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் ஊர் ஐயங்கார்குளத்தில் 'ஊறல்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. பாலாற்று மணலைக் கையால் தோண்டினால் மெல்லக் கசிந்து சேரும் தண்ணீர் ஊறல். அம்மா மத்தியானமே தண்ணீரில் போட்டுவைக்கும் அரிசியும் உளுந்தும் ஊறல். போலீஸ்காரர்கள் பானையோடு உடைத்துக் கவிழ்க்கும் சாராயச் சரக்கும் ஊறல்தான். மூன்றிலும் மனிதன் தன் பங்கைச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறந்தது முதல் கேட்ட இந்தச் சொல்லைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது பெங்களூரில், ஒரு பீர்க் கூடத்தில்.

அண்ணன் மகன் அங்கே வேலை பார்க்கிறான். "நீங்க குடிக்க வேணாம் சித்தப்பா, சும்மா வந்து பாருங்க. பீரை அங்கேயே காய்ச்சுறாங்க. சாப்பாடு ஸ்பெயின் நாட்டுச் சாப்பாடு" என்று அழைத்துப் போனான். 2010-க்குப் பிறகு அந்த நகரத்தில் இப்படிப்பட்ட கூடங்கள் பெருகிவிட்டன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆளுயரத்துக்கு எஃகுத் தொட்டிகள் நின்றன. காய்ச்சும் இளைஞர் பொறுமையாக விளக்கினார். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, முளை நீளுவதற்குள் உலர்த்திவிடுகிறார்கள். முளைவிடும் தானியம் தன் மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். அதற்குமேல் அவசரப்படுத்த வழியில்லை. ஏல் வகைக்கு இரண்டு வாரம், லாகர் வகைக்கு ஒரு மாதம்கூட ஆகும் என்றார்.

முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்துக் கூழாக்கித்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தோம். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் குடலை இட்லியும் புளித்த மாவில் பிறந்ததுதான். சுக்கும் மிளகும் சீரகமும் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அந்த இளைஞரின் தொழில் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

அதைவிட நெருக்கமான உறவும் இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாணன் போகும் வழியில் ஒரு மீனவர் குடியிருப்பு வருகிறது. அங்கே குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளை நெல்லை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் ஊறவிடுகிறார்கள். பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு வழிப்போக்கனுக்குத் தருகிறார்கள். வீட்டில் வடித்த பீரும் தொட்டுக்கொள்ள மீனும், நடந்து களைத்து வந்தவனுக்கு ஒரு விருந்து. 1889-இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டதால் இன்று நாம் அதைப் படிக்க முடிகிறது.

பெங்களூர்க் கூடத்தில் எங்கள் மேசைக்குப் பயேயா வந்தது. ஸ்பெயினின் வலென்சியாப் பகுதிச் சோறு. அகன்ற தட்டையான சட்டியில் அரிசியும் சாறும் சேர்த்தபின் கரண்டியே போடக்கூடாதாம். அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் காந்தலைத்தான் அவர்கள் பெருமையாகச் சுரண்டித் தின்கிறார்கள். வெண்கலப் பானைக் காந்தலுக்கு நானும் என் தங்கையும் சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. கூடவே சின்னச் சின்னத் தட்டுகளில் 'தபாஸ்' வைத்தார்கள். தபா என்றால் அவர்கள் மொழியில் மூடி. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக உட்கார்ந்திருந்தது. நாங்கள் எழுந்தபோதும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தங்கையின் கணவர் ஞாபகம் வந்துவிட்டது. அவர் உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததே இல்லை. மதுக்கடை திறப்பதற்கு முன்னாலேயே போய் நிற்பார். ஒரு குவார்ட்டர், ஒரு தண்ணீர் பாக்கெட், விரல் நுனியில் ஊறுகாய். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தங்கை திண்ணையில் உட்கார்ந்து கடைசிப் பேருந்து வரைக்கும் பார்த்திருப்பாள். அவருடைய சோறு உள்ளே தட்டால் மூடியபடி இருக்கும். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது.

வசதியுள்ளவன் உட்கார்ந்து குடித்தால் நாகரிகம், கூலிக்காரன் நின்று குடித்தால் இழிவு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கூடத்தில் ஒரு கோப்பையின் விலை எங்கள் ஊரில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலியைத் தாண்டியது. ஈரலும் கண்ணாடிச் சுவரையும் மதுக்கடைக் கம்பி வலையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பகலெல்லாம் மூட்டை தூக்குகிறவனுக்கு நாம் உட்கார ஓர் இடம் வைக்கவில்லை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே நடத்தும் மாநிலம் இது. இங்கே அவன் வாங்குவது மறதி. மறதிக்கு ருசி தேவையில்லை, துணை தேவையில்லை, நேரமும் தேவையில்லை.

அவசரத்தின் எல்லையை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பார்த்தோம். மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் ஆலைக்குரிய ரசாயனம். அதில் தண்ணீரைக் கலந்து விற்றவனுக்கு ஊறலும் வேண்டியிருக்கவில்லை, ஒரு இரவுகூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று தெளிவானது. காத்திருப்பு எங்கும் காணாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. செய்பவன் காத்திருக்காமல், குடிப்பவனும் காத்திருக்காமல் போனால் அந்தச் சுமை முழுவதும் வீட்டில் இருக்கும் ஒருத்தியின் தலையில் இறங்குகிறது. என் தங்கை இருபது வருடம் அதைச் சுமந்தாள்.

எங்கள் ஊரில் நடவாவிக் கிணறு இருக்கிறது. படிக்கட்டு வழியாகப் பூமிக்குள் இறங்கும் கிணறு. அதன் அடியில் தூண்களோடு ஒரு மண்டபம். வருடம் முழுக்கத் தண்ணீர் அதை மூடியிருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு முன் நீரை இறைத்துவிடுவார்கள். அன்று காஞ்சியிலிருந்து வரதர் வந்து, படியிறங்கி, அந்த மண்டபத்தில் எழுந்தருள்வார். ஒரு ராத்திரிக்காக ஊரே ஒரு வருடம் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு யாருக்கும் சுமையாக இருந்ததில்லை. எல்லோரும் சேர்ந்து காத்திருப்பதால்தான் அது திருவிழா ஆகிறது. தனியாகக் காத்திருந்த என் தங்கைக்கு அது தண்டனையாக இருந்தது.

நீங்கள் குடிப்பவரோ குடிக்காதவரோ, எனக்குத் தெரியாது. குடிக்காதவருக்கும் வீட்டை மறக்க வைக்கும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இன்று இரவு உங்கள் வீட்டில் தட்டால் மூடிய சோறு ஒன்று இருந்தால், அதை மூடிவைத்தவர் விழித்திருக்கும்போதே வீடு திரும்பிவிடுங்கள். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள்.