பழி நீங்கிய பிறகு

ஒருவரைக் குற்றவாளி என்று ஊரறியச் செய்வதற்கு அரசிடம் காவல் நிலையமும் வழக்கு எண்ணும் சிறைச்சாலையும் ஆயத்தமாக இருக்கின்றன. அவர் குற்றமற்றவர் என்று தெரியவந்தபின் அவரது வாழ்வை மீட்டுத் தர எவரிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வியைத் தருமபுரி மாவட்டத்தில் எழுப்புவோர் அரூர் வட்டத்து வாச்சாத்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அவ்வூரில் பெரும்பாலும் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் இவர்கள். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைகளைப் பதுக்கி வைத்திருப்பதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் ஊருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். 90 பெண்களும் 15 ஆண்களும் 28 குழந்தைகளுமாக 133 பேர் கைதாயினர், பலர் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர். சிறையிலிருந்து திரும்பியவர்கள் கண்டது தாங்கள் விட்டுச் சென்ற ஊரை அன்று. வீடுகள் உடைந்து, சேர்த்து வைத்த தானியம் மண்ணில் இறைந்து, ஆடு மாடுகள் கொல்லப்பட்டு, கிணற்று நீர் வாயில் வைக்க முடியாதபடி பாழாகிக் கிடந்தது. கடத்தல்காரர் என்ற பெயரைச் சுமந்தவர்கள், அப்பெயரைத் துடைக்கும் முன்பே குடிநீருக்கு வழி தேட வேண்டியிருந்தது.

உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 1995இல் சிபிஐ விசாரணையை ஏற்றது. அத்துறைகளைச் சேர்ந்த 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். தீர்ப்புக்குள் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே நாளில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அதனை உறுதிசெய்து, வன்கொடுமைக்கு உள்ளான அந்த 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும் அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் ஆணையிட்டார். போற்றத்தக்க தீர்ப்பு இது. ஆயினும் தவறு செய்தவரைத் தண்டிப்பதும் தவறாகச் சிறைவைக்கப்பட்டவரை மீட்டெடுப்பதும் வெவ்வேறு கடமைகள்; முதலாவதற்கே 31 ஆண்டுகள் தேவைப்பட்ட நாட்டில் இரண்டாவது கடமைக்கு இன்றுவரை தனிச் சட்டமே இல்லை.

வாச்சாத்தி மக்களாவது விசாரணைக் கைதிகளாகவே சிறை சென்றனர். தண்டனையே பெற்று, பின்னர் குற்றமற்றவர் என அறியப்பட்டோரின் நிலை இதனினும் கொடியது. மகாராஷ்டிரத்தின் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009இல் மரண தண்டனை என முடிவுசெய்த உச்ச நீதிமன்றமே 2019இல் அவர்களை விடுவித்து, தலா 5 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. அது அந்த அமர்வின் மனச்சான்று தந்த தொகையே அன்றி, அடுத்து வருபவர் உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடிய ஒன்றன்று.

விடுதலையும் எப்போதும் முழுமையாக வருவதில்லை. ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்படாதபோது நீதிமன்றம் ‘சந்தேகத்தின் பலனை’ அளித்து ஒருவரை விடுவிக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் காவலர் பணிக்கான விதிகளோ, அவ்வாறு விடுவிக்கப்பட்டவரைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதச் சொல்கின்றன. நீதிமன்றம் திறந்துவிட்ட கதவை ஓர் அலுவலகக் கோப்பு மூடிவிடுவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

தவறான தண்டனைக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது, இந்தியா 1979இல் ஏற்ற பன்னாட்டுக் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு. 2018இல் இந்திய சட்ட ஆணையம் தனது 277ஆம் அறிக்கையில், பொய்யாக வழக்குத் தொடரப்பட்டோருக்குப் பணமும், மனநல உதவியும், தொழிற்பயிற்சியும், வேலைவாய்ப்புத் தடைகளிலிருந்து விடுவிப்பும் கிடைக்கச் சிறப்பு நீதிமன்றங்கள் அமைக்கப் பரிந்துரைத்து, சட்ட வரைவையும் இணைத்துத் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவ்வரைவு இடம்பெறவில்லை. போதிய காரணமின்றி ஒருவரைக் காவல்துறை கைது செய்யுமாறு செய்தவர் தர வேண்டிய இழப்பீட்டுக்கு அச்சட்டம் வரம்பு விதித்திருக்கிறது: அதிகபட்சம் 1,000 ரூபாய். சட்ட ஆணையத்தின் வரைவை நாடாளுமன்றம் இனியேனும் எடுத்துக்கொள்ள வேண்டும்.