செய்தவர் யார்?

நியூகினித் தீவின் மேற்குப் பகுதியில், இந்தோனேசியாவைச் சார்ந்த ஆர்ஃபாக் மலைச் சிற்றூர்களுக்குப் பறவைகளைக் காணவும் படம் எடுக்கவும் பலர் செல்கின்றனர். அங்கு வாழும் ஒரு பறவையினத்தின் ஆண், பெண்ணைக் கவரக் குச்சிகளால் குடில் அமைத்து, அதன் முற்றத்தில் மலர்களையும் கனிகளையும் வண்டுச் சிறகுகளையும் நிறவாரியாக அடுக்கி வைக்கிறது. அக்குடிலைக் கண்டு வியந்து எழுதியவர் இத்தாலியத் தாவரவியலறிஞர் பெக்காரி. அக்கால ஆய்வாளர்கள் பறவைகளைச் சுட்டு, தோலைப் பதப்படுத்திச் சேர்த்தனர். நாமோ படம் மட்டுமே எடுக்கிறோம். ஆதலின் ஹிம்சை இல்லையெனக் கருதுகிறோம்.

ஆனால், பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்தால், தன் எல்லைக்குள் பகைப்பறவை புகுந்ததென எண்ணி அங்குள்ள பறவை இரைதேடலை விட்டு அலைகிறது. கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்தால், குஞ்சுகள் கொன்றுண்ணும் உயிர்களின் கண்ணில் படுகின்றன. வழிகாட்டும் ஊரார்தாமே இவற்றைச் செய்தனர் என்று கூறி நாம் தப்ப இயலுமா? நம் கூலியை நம்பியிருப்பவர் நம் வற்புறுத்தலை மறுப்பது அரிது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்பது நம் அறம்.

ஆகவே, அவர்கள் இலைகளால் அமைத்துத் தரும் மறைவிடத்தில் அமைதியாகக் காத்திருப்போம். பறவை வாராவிடினும், பேசிய கூலியைக் குறையாது கொடுத்துப் படமின்றித் திரும்புவோம்.